அருளப்பர் தண்ணீர்

குப்பியில் ஒரு விரற்கடை தண்ணீர் குறைந்திருந்தது.

முதல் கைப்பிடிக் கம்பியருகே மூச்சு வாங்க நின்றபோதுதான் எவரிஸ்தோ செலாயா அதைப் பார்த்தார். முந்தின நாள் மாலைப் பூசையில் சாமியார் கோயில் தொட்டியிலிருந்து மொண்டு, கழுத்துவரை நிரப்பி, தக்கையை இறுக்கி, அதன்மேல் வெள்ளை மெழுகை உருக்கி ஊற்றிச் சிலுவைக் குறி பதித்துக் கையில் கொடுத்த பச்சைக் கண்ணாடிக் குப்பி அது. மெழுகில் ஒரு கீறல் இல்லை. தக்கையைச் சுற்றி ஈரம் இல்லை. குப்பியைப் போட்டிருந்த துணி உறை, அவர் மனைவி தேய்த்துக் கொடுத்த மொடமொடப்பு மாறாமல் உலர்ந்திருந்தது. ஆனால் கழுத்தில் நின்ற தண்ணீர் குப்பியின் தோள்வரை இறங்கியிருந்தது.

வெயிலில் கண்ணாடி விரியும், அதனால் மட்டம் இறங்கித் தெரியும் என்று தனக்குள் ஒரு காரணம் சொல்லிக்கொண்டார். வெயில் இன்னும் வரவே இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. கீழே ஃபீனிக்ஸ் நகரத்தின் தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்தன. கிழக்கே வானம் அப்போதுதான் செம்பு நிறம் பூண்டிருந்தது.

"என்ன பெரியப்பா, முதல் கம்பிக்கே மூச்சு வாங்குதா? அப்புறம் மேல உங்களை நான்தான் தூக்கிட்டுப் போகணும் போல."

ஆராசெலி பத்தடி மேலே நின்று சிரித்தாள். தம்பி டானிலோவின் ஒரே மகள். இருபத்தேழு வயது. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். அறுபது பிள்ளைகளை ஒரு அதட்டலில் உட்கார வைக்கிற குரல் அவளுக்கு. தலையில் அப்பாவின் ஓலைத் தொப்பியைப் போட்டிருந்தாள். தோளில் ஒரு துணிப்பை.

"நாப்பத்தோரு வருஷமா இந்த மலைய ஏறுறேன்டி. உன்னைத் தூக்கிட்டு இறங்க வைக்காம இருந்தா போதும்" என்றார் எவரிஸ்தோ. குப்பியை உறைக்குள் தள்ளி, அதன் வாரை மார்பின் குறுக்கே இழுத்துக் கட்டிக்கொண்டு முதுகை நிமிர்த்தினார்.

முதுகை நிமிர்த்துவது அவர் குடும்பத்தின் பழக்கம். ஆண்டுதோறும் ஜூன் இருபத்துநாலாம் தேதி, ஸ்நாபக அருளப்பர் திருநாளன்று, தெற்குத் தெரு கோயிலின் தண்ணீரை மலையுச்சிக்குக் கொண்டுபோய் ஊற்றுவது செலாயா வீட்டு மூத்த ஆணின் உரிமை. ஊற்றினால் இரண்டு வாரத்தில் மழை இறங்கும். வழியில் எவன் உதடாவது அதில் பட்டால் இறங்காது. முன்பு அந்த உரிமை ரோப்லெஸ் வீட்டாரிடம் இருந்தது. அந்த வீட்டில் ஒருவன் பாதி வழியில் மெழுகை உடைத்து ஒரு மடக்குக் குடித்துவிட்டான். நடந்து எழுபது வருஷம் ஆகிறது. இன்றும் அந்த வீட்டில் பெண் எடுக்கிறவனைத் தெருவில் "தாகக்காரன் வீட்டு மாப்பிள்ளை" என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவன் சிரித்தபடி போவான். பிறகு வேறு தெருவுக்குக் குடிபோவான்.

செலாயா வீட்டில் யாரும் அப்படிக் குடிபோனதில்லை.

பாதை அங்கே மனிதன் நடக்க அமைந்ததல்ல. பாறையில் இரும்புக் கம்பி அடித்து, அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறுகிற செங்குத்து. இருந்தும் நகரத்திலிருந்து கால்மணி நேரத் தொலைவு என்பதால் திருவிழாக் கூட்டம்போல் ஆட்கள் வருவார்கள். இன்று வெப்ப எச்சரிக்கை நாள். ஒன்பது மணிக்குக் காவலர்கள் கீழே வாயிலைச் சாத்திவிடுவார்கள். அதனால் இருட்டிலேயே ஏறியவர்கள் இறங்கத் தொடங்கியிருந்தார்கள். இறங்குகிறவர்கள் ஒதுங்கி ஏறுகிறவர்களுக்கு வழிவிட வேண்டும் என்பது அந்த மலையின் மரியாதை. ஒதுங்கும்போது ஒரு பொய் சொல்ல வேண்டும் என்பதும் மரியாதை.

"வந்தாச்சு! இன்னும் கொஞ்சம்தான்!"

வியர்வையில் மினுங்கிய ஒரு இளைஞன் சொல்லிவிட்டுப் போனான். அவன் பின்னால் வந்த இரண்டு பெண்களும் சொன்னார்கள். பாதித் தூரம்கூட வந்திருக்காது. யாரும் அதை நம்புவதில்லை. ஆனால் சொல்லாமல் போனால் ஏதோ குறைந்தாற்போலிருக்கும்.

இரண்டாவது கம்பியின் முதல் படியில் எவரிஸ்தோ எதையோ மிதித்தார். குனிந்து பார்த்தார்.

உப்புப் பிளம் பழத்தின் கொட்டை.

அதில் வியப்பில்லை. தெற்குத் தெருவில் பாதிப் பேர் வாயில் அதைப் போட்டுக் குதப்பிக்கொண்டுதான் திரிவார்கள். டானிலோவும் அப்படித்தான், சட்டைப் பையில் எப்போதும் ஒரு பொட்டலம் இருக்கும், பேசும்போது கன்னத்தில் ஒரு பக்கம் புடைத்திருக்கும். ஆனால் இந்தக் கொட்டை ஈரமாக இருந்தது. துப்பிய எச்சிலைக் காற்று மூன்று எண்ணுவதற்குள் குடித்துவிடுகிற இடம் அது. அந்தக் காற்றில், அந்தப் பாறையில், இந்த நொடிதான் வாயிலிருந்து விழுந்ததுபோல் அது பளபளத்தது.

முன்னால் யாரும் குதப்பிக்கொண்டு போகவில்லை. ஆராசெலிக்கு உப்பு ஆகாது.

அவர் அதைக் காலால் தள்ளிவிட்டார். பள்ளத்தில் விழுந்தது. சத்தம் வர நெடுநேரம் ஆனது.

"பெரியப்பா, அப்பா உக்காந்திருந்த இடம் இன்னும் எவ்வளவு தூரம்?"

"இருக்கு. கடைசிப் பாறைச் சரிவுக்குக் கீழ."

"அம்மா இன்னைக்குக் காலையிலயும் சொல்லி அழுதா. 'ஒரு சொட்டுக் கேக்கலையேடி உங்கப்பன்'னு. அழுதாளா, பெருமைப்பட்டாளான்னே தெரியல." அவள் தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். "எனக்கு அந்த இடத்தைப் பாக்கணும். அவ்வளவுதான்."

சென்ற வருஷம் இதே நாளில் டானிலோ இந்த மலையில் செத்துப்போனான். அதன்பின் நடந்த பூசையில் சாமியார் அவன் கதையை மேடையேறிச் சொன்னார். கையிலிருந்த தண்ணீர் தீர்ந்து, நாக்கு வறண்டு, பாறை நிழலில் சரிந்து கிடந்தபோது அண்ணன் குப்பியை நீட்டினாராம். தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டானாம். 'நம்ம வீட்டுல அதைக் கேக்கலாமா அண்ணே? நீ போய் ஊத்திட்டு வா' என்றானாம். கோயில் முழுக்க விசும்பல். பக்கச் சுவரில் அவன் பெயர் பொறித்த ஓடு ஒன்றைப் பதித்தார்கள். "தாகத்தை வென்றவன்" என்று அதில் எழுதியிருந்தது. ரோப்லெஸ் வீட்டுக் கிழவரே வந்து அதைத் தொட்டுக் கும்பிட்டார்.

சாமியாருக்கு அந்தக் கதையைச் சொன்னது எவரிஸ்தோ.

சூரியன் மலைவிளிம்பைத் தாண்டியது. தாண்டிய கணத்திலேயே சுட்டது. பாறை தன் இரவுக் குளிர்ச்சியை ஒரே மூச்சில் வெளியே விட்டுவிட்டு, உலைமூடியைத் திறந்ததுபோல் முகத்தில் அனலை வீசத் தொடங்கியது. கிரியோசோட் புதர்களின் தார் நாற்றம், காய்ந்த சவாரோ கள்ளியின் புழுதி வாசனை, எங்கோ ஒரு பல்லி சரளையில் ஓடிய சலசலப்பு. இதெல்லாம் அவருக்குத் தெரிந்தவை. இந்த நகரத்தின் வெயிலில் முப்பத்தெட்டு வருஷம் தார்க்கூரை போட்டவர் அவர். வெயிலின் ஒவ்வொரு சத்தமும் அவருக்குப் பழக்கம்.

ஆனால் பின்னாலிருந்து வந்தது வெயிலின் சத்தம் அல்ல. இரண்டு எட்டு, பிறகு ஒரு தேய்ப்பு. இரண்டு எட்டு, ஒரு தேய்ப்பு. முழங்கால் மடங்காத ஒருவன் காலைச் சரளையில் இழுத்து வைக்கும்போது வருகிற சத்தம். டானிலோவுக்கு வலது முழங்கால் மடங்காது. கூரையிலிருந்து விழுந்தது. விழுந்த அன்று ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் எவரிஸ்தோதான்.

அவர் நின்றார். சத்தமும் நின்றது.

திரும்பிப் பார்க்கவில்லை. செலாயா வீட்டு ஆண் மலையில் திரும்பிப் பார்ப்பதில்லை என்று சொல்லிக்கொண்டார். அப்படி ஒரு வழக்கம் அவர் வீட்டில் இருந்ததே இல்லை.

மேலேயிருந்து நரைத்த கூந்தலுடன் ஒரு பெண் தனியாக இறங்கி வந்தாள். அன்று இறங்கிய கடைசி ஆள் அவள்தான். ஆராசெலிக்கு வழிவிட்டு, "வந்தாச்சு, இன்னும் கொஞ்சம்தான்" என்றாள். எவரிஸ்தோவுக்கும் அதையே சொன்னாள். அவரைத் தாண்டி நாலு எட்டு இறங்கியவள் தயங்கினாள்.

"ஐயா, தப்பா நினைக்காதீங்க. உங்க பின்னாடி வர்றாரே, அவருக்கு ஒரு வாய் தண்ணி குடுங்க. பாவம், வாயைத் திறந்தபடியே வர்றார். மூடவே முடியல போல."

அவர் திரும்பினார். வளைந்து இறங்கும் பாதை. இரும்புக் கம்பி. கம்பியின்மேல் நடுங்கும் கானல். அந்தப் பெண் யாருமில்லாத இடத்தில் ஒதுங்கி நின்று, யாருக்கோ வழிவிட்டு, "வந்தாச்சு" என்று கனிவாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

குப்பியை வெளியே எடுத்தார். தண்ணீர் பாதிக்கு வந்திருந்தது. மெழுகின்மேல் சிலுவை அப்படியே இருந்தது.

தன் முதுகுப்பையின் உறிஞ்சு குழாயைப் பல்லால் கடித்து இழுத்தார். வெறும் காற்று வந்தது. பையை இறக்கித் திறந்தார். காலையில் மூன்று லிட்டர் பிடித்திருந்தார். வழியில் நாலு மடக்குக்குமேல் குடித்திருக்கமாட்டார். உள்ளே இருந்த நெகிழிப்பை, கொடியில் ஒரு வாரம் காயப்போட்டது போலச் சுருங்கி ஒட்டிக் கிடந்தது. அதன் அடியில், நெகிழிக்கு உள்ளே, விரல் நுழையாத இடத்தில் ஒரு பிளம் கொட்டை கிடந்தது. ஈரமாக.

இறங்கிவிடலாம். அந்த நினைப்பு ஒருமுறைதான் வந்தது. கீழே கோயில் முற்றத்தில் இப்போது அண்டா அண்டாவாக மெனுடோ குடல்சூப் கொதித்துக்கொண்டிருக்கும். தெருவே காத்திருக்கும். வெறுங்குப்பியோடு அவர் வரும்வரை யாரும் தட்டில் கை வைக்கமாட்டார்கள். அங்கே மெழுகு உடையாத குப்பியோடு போய் நிற்பதா? அதுவும் பாதி குறைந்த குப்பியோடு?

தாகக்காரன் வீட்டார்.

ஆராசெலியிடம் தண்ணீர் இருக்கிறது, அது போதும் என்று எண்ணிக்கொண்டு ஏறினார்.

கூரைப்பாறை அவர் நினைத்ததற்கு முன்பே வந்துவிட்டது. அடியில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்குக் குழிந்து, மேலே கூரைபோல் துருத்திக்கொண்டிருக்கும் பாறை. அதன் நிழல் நீலமாக இருந்தது. ஆராசெலி அதற்குள் உட்கார்ந்திருந்தாள். எப்படி அவளுக்கு இடம் தெரிந்தது என்று அவர் கேட்கவில்லை. சரியாக டானிலோ சாய்ந்த இடத்தில் சாய்ந்து, அவன் நீட்டியதுபோலவே வலதுகாலை நீட்டியிருந்தாள்.

"இங்கதானே பெரியப்பா?"

"இங்கதான்." அவர் குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது. உதடு பிளந்திருந்தது. "உன் பையிலேருந்து ஒரு வாய் குடும்மா. என்னோடது தீந்துபோச்சு."

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள், தப்பு செய்த பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பதுபோல.

"நம்ம வீட்டுல அதைக் கேக்கலாமா பெரியப்பா?"

பையைத் திறந்து காட்டினாள். ஒரு மெழுகுவத்தி, வாடிய சாமந்தி, சட்டம் போட்ட டானிலோவின் படம். தண்ணீர் இல்லை.

"வண்டியிலயே வெச்சிட்டு வந்துட்டேன். போனையும்தான். அப்பாவுக்காக நேந்துக்கிட்டேன், உச்சிக்குப் போற வரைக்கும் நாக்கு நனைக்கிறதில்லன்னு. நேத்து ராத்திரியிலேருந்தே குடிக்கல." அவள் பேச்சு குழறியது. "அப்பா இருந்தாரே... நான் இருக்கமாட்டேனா?"

அப்போதுதான் அவர் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தார். சிவந்திருந்தது. வியர்வை ஒரு துளி இல்லை. கையைத் தொட்டார். அடுப்பில் காய்ந்த ஓடு. கூரை வேலையில் இப்படி மூன்று பேரைப் பார்த்திருக்கிறார். வியர்வை நின்றபின் நேரம் அதிகம் இருக்காது.

தன் போனை எடுத்தார். திரையில் வெப்பமானியின் படம் மட்டும் இருந்தது. சூடு தணியும்வரை இயங்காது. சென்ற வருஷம் அது இயங்கியது, அப்போதும் அவர் மீட்புப் படையை அழைக்கவில்லை. ஹெலிகாப்டர் வரும். கட்டிலில் கட்டித் தூக்கும். சாயங்காலச் செய்தியில் நகரமே பார்க்கும், ஒரு செலாயா மூட்டைபோல் தொங்கிக்கொண்டு போவதை. அதனால் அவர் அழைக்கவில்லை.

சென்ற வருஷம் நடந்தது வேறு.

டானிலோ கேட்டான். இதே பாறையில் சாய்ந்து, கையை நீட்டி, "அண்ணே, ஒரு வாய்" என்றான். ஒருமுறை அல்ல. குழந்தை மாதிரி, வெட்கமில்லாமல், அவர் காற்சட்டையைப் பிடித்து இழுத்துக் கேட்டான். "நம்ம வீட்டுல அதைக் கேக்கலாமாடா? எந்திரி. வந்தாச்சு. இன்னும் கொஞ்சம்தான்" என்று சொன்னவர் எவரிஸ்தோ. கையை உதறிவிட்டு மேலே போனார். ஊற்றினார். வழக்கமான மூன்று செபங்களையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். உச்சியில் நின்றவர்கள் கை குலுக்கினார்கள், குலுக்கினார். திரும்பி வந்தபோது டானிலோ அதே இடத்தில் இருந்தான். வாய் திறந்திருந்தது. அதற்குள் ஒரு உப்புப் பிளம். சப்ப எச்சில் இல்லாமல், அப்படியே.

குப்பியை எடுத்தார். கால் பங்கு இருந்தது. நாலு மடக்கு.

"குடி."

ஆராசெலி உதடுகளை இறுக்கிக்கொண்டாள். தலையை ஆட்டினாள். தொப்பி சரிந்தது.

"சொல்றதைக் கேளு. குடிம்மா."

"அப்பா... வாங்கலையே."

ஒரே ஒரு வாக்கியம் போதும். 'உங்கப்பன் கேட்டான், நான் குடுக்கல.' அதைச் சொன்னால் அவள் வாய் திறக்கும். அவருக்குத் தெரியும். வாக்கியம் தொண்டைவரை வந்தது. அங்கே நின்றது. சுவரில் பதித்த ஓடு. ரோப்லெஸ் கிழவரின் கும்பிட்ட கை. தன் பேரன்களைத் தெரு என்ன பெயர் சொல்லிக் கூப்பிடும் என்பது.

பின்னால் சரளை தேய்ந்தது. இரண்டு எட்டு. ஒரு தேய்ப்பு.

மிக அருகில் வந்து நின்றது. உப்பும் புளிப்புமான ஒரு வாசனை அவர் காதோரம் வந்தது. மூச்சு இல்லை. வாசனை மட்டும். யாரோ காத்திருந்தார்கள். அவர் சொல்வதற்காக.

"உங்கப்பன்..." என்றார்.

ஆராசெலி கண்ணைத் திறந்தாள்.

"உங்கப்பன் இருந்தா... உன்னைப் பாத்துப் பெருமைப்பட்டிருப்பான்."

உப்பு வாசனை விலகியது. அவ்வளவு மெதுவாக, ஒரு கதவைச் சத்தமில்லாமல் சாத்துவதுபோல.

பிறகு அவர் வாய் தானாகவே பேசியது. "எந்திரிம்மா. வந்தாச்சு. இன்னும் கொஞ்சம்தான்." சொன்ன பிறகுதான் அந்தச் சொற்கள் அவருக்குக் கேட்டன. அவளால் எழ முடியவில்லை. மேலே ஆட்கள் இருப்பார்கள், அவர்களிடம் தண்ணீர் இருக்கும், கேட்டு வாங்கி வரலாம் என்று அவர் தனக்குச் சொல்லிக்கொண்டார். பத்தே நிமிஷம். அப்படியே இதையும் ஊற்றிவிட்டு.

"பத்து நிமிஷத்துல வந்துடறேன்" என்றார் அவளிடம். அதையும் சென்ற வருஷம் சொல்லியிருந்தார்.

அவள் விரல்கள் அவர் காற்சட்டை நுனியைப் பற்றின. மெதுவாகத்தான். அவர் காலை எடுத்தார். விரல்கள் விட்டுவிட்டன.

கடைசிச் சரிவு வெறும் உருண்டைப் பாறைகள். கைகளாலும் ஏற வேண்டும். பாறை தொட்ட உள்ளங்கை பொசுங்கியது. பின்னால் சத்தமே இல்லை. அதுவரை அந்தத் தேய்ப்பு இருந்தது. இப்போது அதுவும் இல்லை. காற்று இல்லை. பறவை இல்லை. தன் இதயத்தின் சத்தம் மட்டும் காதுக்குள் பறையடித்தது.

குப்பி கனத்தது.

முதலில் பிரமை என்று நினைத்தார். வார் தோளில் அழுந்தியது. இன்னும் அழுந்தியது. உறைக்கு மேலாகத் தடவிப் பார்த்தார். நிறைந்த குப்பியின் கனம். அருளப்பரே என்று முனகினார். அழுகை வந்தது, கண்ணீர் வரவில்லை. நிரம்பிவிட்டது. தம்பி மன்னித்துவிட்டான். ஊற்றியபின் மிச்சத்தை ஆராசெலிக்குக் கொண்டுபோகலாம், ஊற்றிய பிறகு குடித்தால் குற்றமில்லை. முதுகை நிமிர்த்திக்கொண்டு கடைசிப் பாறையில் ஏறினார்.

உச்சியில் யாருமில்லை.

ஒன்பது தாண்டியிருந்தது. நகரம் நாலு பக்கமும் வெள்ளையாக எரிந்தது. நீச்சல் குளங்கள், ஆயிரக்கணக்கில், நீலநீலமாக, எட்டாத தூரத்தில் கண் சிமிட்டின. அத்தனை தண்ணீர்.

முதல் செபத்தைச் சொல்ல நாக்கு புரளவில்லை. மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. பரவாயில்லை. குப்பியை உருவினார். பச்சைக் கண்ணாடிக்குள் கழுத்துவரை ஏதோ கருமையாக நிறைந்திருந்தது. மெழுகை நகத்தால் பெயர்த்தார். சிலுவை இரண்டாக உடைந்தது. தக்கையைப் பல்லால் இழுத்தார். சாய்த்தார்.

ஒரு சொட்டு இல்லை.

குலுக்கினார். எதுவோ உருண்டது. கழுத்தில் அடைத்தது. விழுந்தது.

கொட்டை.

அதன் பின்னால் இன்னொன்று. இன்னொன்று. ஈரமாக, பளபளவென்று, இப்போதுதான் வாயிலிருந்து விழுந்தவைபோல, கொடகொடவென்று கொட்டின. கல்லில் தெறித்தன. உருண்டன. குப்பி கொள்ளும் அளவுக்கு மேலும் கொட்டின. கையை நிமிர்த்தினார். நிற்கவில்லை. குப்பியை விட்டுவிட்டார். அது உடைந்தது. உள்ளே எச்சில் வாசனை.

கீழே பார்த்தார்.

கூரைப்பாறையின் நீல நிழல் உச்சியிலிருந்து நன்றாகத் தெரிந்தது. ஒரு ஆள் உட்காரும் இடம். அதில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள், தோளோடு தோள் ஒட்டி. ஒருவர் தலையில் ஓலைத் தொப்பி. இருவருமே வலதுகாலை நீட்டியிருந்தார்கள். இருவருமே அண்ணாந்து அவரைப் பார்த்தார்கள். இரண்டு வாய்களும் திறந்திருந்தன.

அவர் கத்த முயன்றார். ஆராசெலி என்று. நாக்கு அசையவில்லை.

நிழலில் இருந்த இருவரும் எழுந்தார்கள். ஒன்றாக.

இரண்டு எட்டு. ஒரு தேய்ப்பு.

அதன்மேல் இன்னொன்று. இரண்டு எட்டு. ஒரு தேய்ப்பு.

நிதானமாக ஏறினார்கள். அவசரம் இல்லை. பாறைகளுக்கு இடையே ஓலைத் தொப்பி தெரிந்தது, மறைந்தது, இன்னும் கிட்டத்தில் தெரிந்தது. எவரிஸ்தோ பின்னுக்கு நகர்ந்தார். குதிகாலுக்கு அடியில் கொட்டைகள் உருண்டன. அதற்குப் பின்னால் வானம். ஏறுவதற்கு இனி மலை இல்லை.

கடைசிப் பாறையின் விளிம்புக்குக் கீழிருந்து இரண்டு குரல்கள், மூடாத வாய்களிலிருந்து, இறங்குகிறவர்கள் ஏறுகிறவனுக்குச் சொல்கிற அதே கனிவோடு ஒன்றாகச் சொல்லின.

"வந்தாச்சு. இன்னும் கொஞ்சம்தான்."

விளிம்பில் ஒரு கை தெரிந்தது. உள்ளங்கையைக் குவித்து, தண்ணீர் வாங்குவதற்கு நீட்டுவதுபோல.